தைரொயிட் நோயாளியின் பராமரிப்புத் திட்டம் கட்டிலருகே எழுதப்படட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியின் வைத்தியசாலைகளில் பயிற்சி பெறும் தாதிய மாணவர்கள் எழுதும் பராமரிப்புத் திட்டங்களைப் பற்றி, அவற்றிலும் குறிப்பாகக் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரப்பதால் அவதியுறும் நோயாளருக்கு அவர்கள் எழுதும் தாதிய நோய்நிர்ணயத்தைப் பற்றி, தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகின்றேன். வகுப்பறைக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விடயத்தைப் பொதுமக்கள் படிக்கும் பத்திரிகைக்கு எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தத் திட்டத்துக்கு வேண்டிய தகவல்களில் பெரும்பகுதியை நோயாளியும் அவருடைய வீட்டாருமே தரவேண்டியிருக்கின்றது. தாதி எதற்காக இத்தனை கேள்விகள் கேட்கிறார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தால் பதில்கள் சரியாக வரும். அதனாலேயே இங்கே எழுதுகின்றேன்.

வைத்தியர் செய்யும் நோய்நிர்ணயமும் தாதி செய்யும் நோய்நிர்ணயமும் வெவ்வேறானவை. குருதியில், தைரொயிட்டைத் தூண்டும் ரி.எஸ்.எச். ஓமோனின் அளவு மிகக் குறைந்தும், தைரொயிட் சுரக்கும் ரி3, ரி4 ஓமோன்கள் உயர்ந்தும் இருப்பதைக் கண்டு, இது தைரொயிட் மிகைச் சுரப்பு, காரணம், உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டிவிடும் கிறேவ்ஸ் நோய் அல்லது சுரப்பியில் தோன்றிய கட்டிகள் என்று முடிவு செய்வது வைத்தியரின் பணி. அந்த நோயால் இந்த மனிதருக்கு உண்பதில், உறங்குவதில், நடப்பதில், வெக்கையைத் தாங்குவதில், மனம் அமைதியாக இருப்பதில் என்ன இடர் நேர்ந்திருக்கின்றது, அதில் எதைத் தாதியால் மாற்ற முடியும் என்று தீர்மானிப்பது தாதியின் பணி. 1973 ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் தாதியர் கூடி இந்தப் பிரச்சினைகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1982 இல் அதற்கென வட அமெரிக்கத் தாதிய நோய்நிர்ணயச் சங்கம் அமைந்தது. அந்தப் பட்டியலைத்தான் இன்று பல நாடுகளிலும் மாணவர்கள் படிக்கிறார்கள். பிரச்சினை எது, அது எதனால் வந்தது, அதற்குச் சான்று என்ன என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதும் முறையும் அப்படியே வந்தது. முறை நல்ல முறை. அதை நாம் பயன்படுத்தும் விதமே எனக்குக் கவலை தருகின்றது.

பல தொகுதி மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: தைரொயிட் மிகைச் சுரப்பு என்று தலைப்பிட்டால் போதும், கீழே வரப்போவது என்ன என்பதைப் படிக்காமலே சொல்லிவிடலாம். உடற்தேவையிலும் குறைந்த ஊட்டம், பதகளிப்பு (மனப் பதற்றம்), களைப்பு, நித்திரைக் குழப்பம், அதிகரித்த உடல் வெப்பநிலை, அறிவுக் குறைபாடு (தன் நோயைப் பற்றி அறியாமை) என்று வரிசையாக வரும். இருபது வயதுப் பிள்ளைக்கும் அதே வரிசை. எழுபது வயது ஐயாவுக்கும் அதே வரிசை. முந்திய ஆண்டு மாணவி எழுதியதை இந்த ஆண்டு மாணவி பார்த்தெழுதுகிறாள், அவளும் அதை வேறொருவரிடம் பெற்றே எழுதியிருப்பாள். உடல் வெப்பநிலை கூடியுள்ளது என்று திட்டத்தில் எழுதியிருக்க, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் வெப்பநிலை அட்டவணையில் மூன்று நாளும் 37 பாகையைத் தாண்டாமல் கோடு ஓடியிருக்கும். அந்த நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை; வெக்கையைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டும் வேறு பிரச்சினைகள், இரண்டுக்கும் செய்யவேண்டியவையும் வேறு.

பெரும்பாலான பிழை நடுப்பகுதியில், அதாவது காரணத்தை எழுதும் இடத்தில் நேர்கின்றது. "தைரொயிட் மிகைச் சுரப்புக் காரணமாக ஊட்டக் குறைவு" என்று எழுதினால் அங்கே தாதிக்குச் செய்ய எதுவும் எஞ்சுவதில்லை. சுரப்பியை அடக்குவது மாத்திரையின் வேலை. ஓமோன் மிகும்போது உடலின் கலங்கள் எல்லாம் வழமையிலும் வேகமாகச் சக்தியை எரிக்கின்றன, குடலும் வேகமாக அசைகின்றது, தசைப் புரதமும் கரைகின்றது. ஆகவே நோயாளிக்குப் பசி கூடுகின்றது, உண்கிறார், ஆனாலும் மெலிகிறார். இந்த நிலையில் தாதி கேட்கவேண்டியது, எவ்வளவு உண்கிறீர்கள், எப்போது உண்கிறீர்கள், நாளுக்கு எத்தனை தடவை வயிறு போகின்றது என்பவற்றையே. ஓர் உதாரணத்துக்கு, முத்தையன்கட்டுப் பக்கத்தில் வயல் வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வயலுக்குப் போகிறார், பதினொரு மணிக்குப் பழஞ்சோறு, பின்னேரம் மீண்டும் தேத்தண்ணி, இரவுதான் வயிறாரச் சாப்பாடு. "சாப்பிடுறன் பிள்ளை, ஆனால் உடம்பில ஒட்டுதில்லை" என்கிறார். மூன்று மாதத்துக்கு முன் கிளினிக் கொப்பியில் 52 கிலோகிராம், இன்று 45. உயரம் 155 சென்ரிமீற்றர் என்பதால் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் எண்) 19 ஐ விடக் குறைந்துவிட்டது. நாளுக்கு நான்கைந்து தடவை வயிறு இளகிப் போகின்றது.

இவருக்கு எழுதவேண்டிய நோய்நிர்ணயம் இப்படி அமையலாம்: "உடற்தேவையிலும் குறைந்த ஊட்டம், உடலின் சக்தித் தேவை உயர்ந்துள்ள வேளையில் உணவு நேரங்களுக்கிடையே நீண்ட இடைவெளி விடுவதும், காலை உணவைத் தேநீரால் ஈடுசெய்வதும், அடிக்கடி வயிறு போவதும் இதற்குக் காரணம், மூன்று மாதத்தில் 7 கிலோகிராம் நிறை இழப்பும், மேற்கைத் தசை மெலிவும், உண்டும் உடம்பில் ஒட்டவில்லை என்ற நோயாளியின் கூற்றும் சான்று." இந்த வாக்கியத்தை வாசித்தவுடனே செய்யவேண்டியது கண்முன் வந்துவிடுகின்றது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். விடுதியில் இரவுச் சாப்பாடு நேரத்தோடு வந்துவிடுவதால், படுக்கப்போகுமுன் உண்ண வீட்டார் ஏதேனும் கொண்டுவந்து வைக்கலாமா என்று பேசவேண்டும். அவித்த முட்டை, கச்சான், பயறு, உழுத்தங்களி, சத்துமாக் கஞ்சி, மீன் என்று வன்னி வீடுகளில் கிடைப்பவையே சக்தியும் புரதமும் தருபவை. வயிறு இளகியிருக்கும் நாட்களில் நார்ப்பொருள் மிகுந்த கீரையையும் மிகுந்த காரத்தையும் குறைக்கச் சொல்லவேண்டும். தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கபீன் படபடப்பையும் நடுக்கத்தையும் கூட்டும் என்பதால் அதைக் குறைத்து, இழந்த நீருக்கு மோரும் இளநீரும் கஞ்சித் தண்ணீரும் குடிக்கச் சொல்லவேண்டும். நாள்தோறும் காலையில், சலம் கழித்தபின், உண்ணுமுன், ஒரே தராசில் நிறை பார்க்கவேண்டும். இலக்கையும் அளக்கக்கூடியதாக எழுதவேண்டும்: அடுத்த மூன்று நாளில் நிறை மேலும் குறையாது, இரண்டு வாரத்தில் கூடத் தொடங்கும். "ஊட்டம் மேம்படும்" என்று மட்டும் எழுதினால் அது நிறைவேறியதா என்பதை எவரும் சரிபார்க்க முடியாது.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாக என் மனத்தை உறுத்தும் பதகளிப்புக்கு வருகின்றேன். வன்னியில் இந்தச் சொல்லை ஒரு நோயாளியின் தாளில் எழுதுமுன் இரண்டு தடவை யோசிக்கவேண்டும். 2009 வரை நீடித்த போரில் பிள்ளையையோ கணவனையோ இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார், தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் என்று இங்கே நெஞ்சு படபடக்கவும் நித்திரை கெடவும் காரணமுள்ளவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு பெண் வந்து கை நடுங்குகின்றது, நித்திரை இல்லை, எரிச்சலாக வருகின்றது, வேர்த்து ஒழுகுகின்றது என்று சொன்னால், "யோசிக்கிறதாலதான்" என்று வீட்டிலும் அயலிலும் சொல்லிவிடுகிறார்கள். அவரும் அதை நம்பிவிடுகிறார். கழுத்தில் வீக்கம் தெரியும்வரை, அல்லது உடுப்புகள் தொளதொளவென்று ஆகும்வரை, எவரும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. மறுபக்கத்தில், தைரொயிட் நோய் உறுதியானபின் அவருடைய துயரம் முழுவதும் ஓமோனின் கணக்கில் எழுதப்பட்டு, அவரிடம் மனம்விட்டுப் பேசுவாரின்றிப் போவதும் நடக்கின்றது.

இவை இரண்டையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனையே உறுதியான வழி என்றாலும், கட்டிலருகே நிற்கும் தாதிக்குப் புலப்படும் சில அடையாளங்கள் உள்ளன. கையைப் பிடித்துப் பார்த்தால், மனப் பதற்றத்தில் உள்ளங்கை பெரும்பாலும் குளிர்ந்து வியர்த்திருக்கும். தைரொயிட் மிகைச் சுரப்பில் வெதுவெதுப்பாக வியர்த்திருக்கும். கைகளை முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நடுக்கம்கூட அந்தத் தாளின் ஓரத்தில் தெரியும். மூன்றாவது அடையாளத்தை இரவுக் கடமையில் இருக்கும் தாதியால் மட்டுமே பெறமுடியும்: நோயாளி நன்றாக உறங்கும்போது, அவரை எழுப்பாமல், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுவது. பதற்றத்தால் மட்டும் ஓடிய நாடி உறக்கத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். தைரொயிட்டால் ஓடும் நாடி உறக்கத்திலும் வேகமாகவே ஓடும். எண்ணும்போது, கடைசிப் புரோப்பிரனோலோல் மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் அருகே குறிக்கவேண்டும். அது நாடியைத் தணிப்பதால் கணக்கு மாறிவிடும். வைத்திய நிபுணர் காலையில் சுற்றிவரும்போது இந்த இரவு எண்ணிக்கை அவர் முன் இருந்தால் அது அவருக்கும் பெரிய உதவி. மாணவர்களின் புத்தகங்களில் நான் மிகக் குறைவாகக் கண்டது இதைத்தான்.

அப்படிப் பார்த்தபின், துயரமும் நோயும் இரண்டுமே இருக்கின்றன என்று கண்டால் இரண்டையும் எழுதலாம். எந்த முறையும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் காரணம் அந்த நோயாளியுடையதாக இருக்கவேண்டும். "தன் உடலில் நிகழும் மாற்றங்களின் காரணம் தெரியாமையாலும், வீட்டில் வயதுக்கு வராத பிள்ளைகளைத் தனியே விட்டு வந்ததாலும் ஏற்பட்ட பதகளிப்பு" என்று எழுதினால், ஒன்றுக்கு விளக்கம் கொடுக்கலாம், மற்றதற்கு உறவினருக்கு அழைப்பெடுத்துப் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்யலாம். வாசலுக்கும் தாதியர் மேசைக்கும் எட்டத்தில் சந்தடி குறைந்த கட்டில் ஒன்றைக் கொடுக்கலாம். கணவரையோ தாயையோ தனியே அழைத்து, "அவவின்ர கோபம் குணத்தால வாறதில்லை ஐயா, வருத்தத்தால வாறது, மருந்து பிடிக்கப்பிடிக்கக் குறையும்" என்று சொல்லலாம். இந்த ஒரு வார்த்தையால் சண்டை தணிந்த குடும்பங்களை நான் அறிவேன். தைரொயிட் மிகைச் சுரப்பு ஆண்களை விடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருவதால், "கோபக்காரி" என்று பெயரெடுத்த எத்தனை பேருடைய கழுத்தை எவரும் தொட்டுப் பார்க்கவில்லையோ என்று நினைக்கும்போது வேதனையாக இருக்கின்றது.

முதியவர்களிடம் இதே நோய் வேறு கோலத்தில் வரும். நடுக்கமோ படபடப்போ இல்லாமல், பசியும் குறைந்து, மெலிந்து, ஒரு மூலையில் சோர்ந்து இருப்பார். வயது போய்விட்டது என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். அவருடைய நாடி ஒழுங்கற்று ஓடுவதே சிலவேளை ஒரேயொரு தடயம். ஆகவே முதியவருக்கு முதலில் எழுதவேண்டியது இதயம் பற்றிய அபாயம்: இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு குறையக்கூடிய அபாயம், காரணி கட்டுக்கடங்காத வேகமும் ஒழுங்கற்ற துடிப்பும். அபாயம் என்று எழுதும்போது சான்று என்ற பகுதி வராது, ஏனெனில் பிரச்சினை இன்னும் நேரவில்லை. சான்று இருந்தால் அது அபாயமாக இருக்காது, நேர்ந்துவிட்ட பிரச்சினையாகிவிடும். இந்த எளிய வேறுபாட்டைப் பல மாணவர்கள் தவறவிடுகிறார்கள். இவருக்குச் செய்யவேண்டியது, இரண்டு தாதியர் ஒரே நேரத்தில், ஒருவர் நெஞ்சில் ஸ்ரெதஸ்கோப் வைத்துக் கேட்டும் மற்றவர் மணிக்கட்டில் விரல் வைத்தும், ஒரே மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவது. இரண்டு எண்ணிக்கைக்கும் இடையில் வேறுபாடு இருந்தால் உடனே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். புரோப்பிரனோலோல் கொடுக்குமுன் நாடியையும் குருதியமுக்கத்தையும் பார்ப்பதோடு, தொய்வு இருக்கிறதா என்று கட்டாயம் கேட்கவேண்டும். தொய்வுள்ளவருக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

வெக்கையைப் பற்றி முன்னர் குறிப்பிட்டேன். பங்குனி சித்திரையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சுகதேகிக்கே பகலில் இருக்க முடிவதில்லை; உள்ளே ஓர் அடுப்பு எரிவதுபோல் உடல் சூடு உண்டாக்கும் நோயாளிக்கு அஸ்பெஸ்ரஸ் கூரையின்கீழ் எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். யன்னலோரக் கட்டில், மின்விசிறி, பருத்தி உடுப்பு, அடிக்கடி விரிப்பை மாற்றுதல், குளிக்க நேரம் ஒதுக்குதல் ஆகியவை தாதியின் கையில் உள்ளவை, அவை திட்டத்தில் வரவேண்டும். உண்மையான காய்ச்சல் வந்தால் அது வேறு கதை, அவசரமான கதை. சுரப்பியை அடக்கும் காபிமசோல் மாத்திரை குடிப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வாய்ப்புண்ணும் வந்தால், மருந்தால் குருதியின் வெண்கலங்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டனவா என்று அன்றைக்கே பார்க்கவேண்டும். இது அரிதாகவே நேரும், நேர்ந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நேரும், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. வன்னியில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் டெங்கும், வயற்காலத்தில் எலிக்காய்ச்சலும் இருப்பதால் வீட்டார் பரசிற்றமோல் கொடுத்து இரண்டு நாள் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கக்கூடாத ஒருவர் அவர் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பியிருக்கவேண்டும்.

அதேபோல், கிருமித்தொற்றாலோ சத்திரசிகிச்சையாலோ மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதாலோ நோய் சடுதியாகச் சீறலாம்: கடும் காய்ச்சல், நிமிடத்துக்கு 140 ஐத் தாண்டும் நாடி, வாந்தி வயிற்றோட்டம், பிதற்றல். இது தைரொயிட் புயல் எனப்படும் நிலை. அங்கே அஸ்பிரின் கொடுக்கக்கூடாது, அது குருதியில் பிணைந்திருக்கும் ஓமோனை மேலும் விடுவிக்கும். பரசிற்றமோலும் நடுக்கம் எடுக்காதபடி இதமான நீரால் உடலைத் துடைப்பதுமே பொருந்தும். இரவில் ஒரு தாதி பல கட்டில்களைக் கவனிக்கும் விடுதியில் இந்த அபாயம் திட்டத்தில் முதல் வரியாக எழுதப்பட்டிருந்தால், கடமை மாறிவரும் அடுத்த தாதியும் அதைக் கண்டுகொள்வார்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறேவ்ஸ் நோயில் கண் முன்தள்ளி இமை முழுமையாக மூடாதிருந்தால், சோளகம் வீசும் மாதங்களில் கிறவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் கருவிழி காயப்படும் அபாயம் உண்டு. கறுப்புக் கண்ணாடி, வைத்தியர் தரும் கண்துளி, தலையைச் சற்று உயர்த்திப் படுத்தல், தேவையானால் இரவில் இமையை மூடி ஒட்டுதல் ஆகியவை உதவும். புகைப்பவராயின் கட்டாயம் நிறுத்தச் சொல்லவேண்டும், புகைத்தல் இந்தக் கண் நோயை மோசமாக்கும் என்பது உறுதியாக அறியப்பட்டது.

"அறிவுக் குறைபாடு" என்று எல்லோருடைய தாளிலும் எழுதப்படும் கடைசி வரி, எதை அறியவில்லை என்று சொல்லாவிட்டால் நோயாளியை அவமதிக்கும் வரியாகவே எனக்குத் தோன்றும். மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் குணம் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறாரா? அப்படியானால், சுரப்பியில் ஏற்கனவே சேமித்து வைத்த ஓமோன் தீரவேண்டும், அதற்குச் சில வாரங்கள் எடுக்கும் என்று அவருக்கு விளங்கப்படுத்தவேண்டும். இரண்டு மாதத்தில் சுகம் கண்டவுடன் நிறுத்திவிடுகிறாரா? கிறேவ்ஸ் நோயில் இந்த மருந்து பொதுவாக 12 தொடக்கம் 18 மாதங்கள் தொடரவேண்டியது. அயடீன் உப்பால்தான் நோய் வந்தது என்று கேள்விப்பட்டுக் கறிக்கு உப்பையே போடாமல் விடுகிறாரா? வழமையான அளவு உப்பை நிறுத்தவேண்டியதில்லை. அண்மையில் மணமுடித்த பெண்ணா? கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லவேண்டும் என்பதையும், காபிமசோல் கருவின் ஆரம்ப மாதங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால் வைத்தியர் மருந்தை மாற்றுவார் என்பதையும், பயந்து தானாக நிறுத்தக்கூடாது என்பதையும் மாமியாரின் முன்னால் இல்லாமல் அவரிடம் தனியே சொல்லவேண்டும். கிளினிக்குக்கு வராமைக்குக் காரணம் அறியாமையே அல்லாமல் பேருந்து இல்லாமையாக இருந்தால் அதை அப்படியே எழுதவேண்டும். உட்கிராமத்திலிருந்து விடியப் புறப்பட்டு, ஒரு நாட்கூலியை இழந்து, வரிசையில் நின்று மாத்திரை வாங்கும் ஒருவருக்கு அறிவுக் குறைபாடு என்று எழுதுவது நியாயமில்லை. இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா, அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே பெற ஒழுங்கு செய்யலாமா என்று வைத்தியரிடம் கேட்பது அங்கே தாதியின் செயற்பாடாகும்.

இத்தனையையும் எழுத நேரம் எங்கே என்று கடமையில் உள்ள தாதியர் கேட்பார்கள். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கின்றது. நான் கேட்பது கூடுதலாக எழுதும்படி அல்ல. பத்து நோய்நிர்ணயங்களைப் பார்த்தெழுதும் நேரத்தில், அந்த நோயாளிக்கு இன்றைக்கு முக்கியமான மூன்றை அவருடைய கட்டிலில் இருந்து எழுதிவிடலாம். எது முந்தியது என்பதையும் நோயாளியே காட்டுவார்: பெரிய கழலை (தைரொயிட் வீக்கம்) மூச்சுக்குழாயை அழுத்தினால் மூச்சு முதலில், நாடி கட்டுக்கடங்காவிட்டால் இதயம், இரண்டும் அமைதியாக இருந்தால் ஊட்டமும் நித்திரையும் மனமும்.

பயிற்சிக் கல்லூரிகளுக்கும் வைத்தியசாலை நிர்வாகங்களுக்கும் இதையொட்டிச் சில வேண்டுகோள்கள் உண்டு. மாணவரின் பராமரிப்புத் திட்டத்துக்குப் புள்ளி வழங்கும்போது, புத்தகத்தை மேசையில் வைத்துத் திருத்தாமல், அந்த நோயாளியின் கட்டிலருகே நின்று மாணவரிடம் "இந்தச் சான்றை எனக்குக் காட்டும்" என்று கேட்டுத் திருத்தவேண்டும். ஒரு தடவை அப்படிக் கேட்டால் அடுத்த தடவை எவரும் பார்த்தெழுத மாட்டார்கள். நோயாளி சொன்னதை அவருடைய சொந்தச் சொற்களிலேயே, தமிழில், சான்றுப் பகுதியில் எழுத மாணவரை அனுமதிக்கவேண்டும். நோயாளி வீடு செல்லும்போது, வெளியேறும் அட்டையோடு, அவருடைய பராமரிப்புத் திட்டத்தின் கடைசி நிலையையும், என்ன நிறையில் போகிறார், எந்த அறிகுறிக்கு உடனே வரவேண்டும் என்பதையும் தெளிவான தமிழில் கிளினிக் கொப்பியில் எழுதி அனுப்பும் வழக்கம் வரவேண்டும். இல்லையேல் விடுதியில் செய்த வேலை விடுதி வாசலோடு முடிந்துவிடுகின்றது. அத்தோடு, ஒவ்வொரு மருத்துவ விடுதிக்கும் முள் சரியாக நிற்கும் ஒரு நிறைத் தராசு வேண்டும். தராசு பழுதாகி மாதக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்த விடுதியில், நிறை குறைந்தது என்று எழுத மாணவரிடம் எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

நோயாளரின் உறவினர்களிடமும் ஒன்று கேட்கின்றேன். விடுதியில் ஒரு மாணவத் தாதி வந்து, அம்மா வீட்டில் என்ன சாப்பிடுவா, எத்தனை மணிக்குப் படுப்பா, எத்தனை தரம் வயிறு போகும், மாத்திரை எப்போது நிறுத்தினா என்று கேட்டால், வைத்தியரிடம் எல்லாம் சொல்லிவிட்டோம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். பழைய கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், மறைக்காமல் கொண்டுவந்து காட்டுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய போதனாசிரியை ஒருவர்,
வவுனியா.